ரொப்பி வைத்த பாட்டில்

போன புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஆறு பெண்கள் முன்னிலையில், என் மானம் முழுக்க ஒரு கண்ணாடி பாட்டிலை நம்பி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் பாட்டில்தான். விலையைச் சொன்னால் நெய் பாட்டில் என்று நினைப்பீர்கள்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு புரமோஷன் வந்ததை இந்தப் பக்கத்திலேயே பீற்றிக்கொண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இருபத்தேழு வருஷ சர்வீஸுக்குப் பிறகு ஆபீசர் கிரேடு. கூடவே குவார்ட்டர்ஸும் மாறியது. பழைய பிளாக்கிலிருந்து புது பிளாக்குக்கு டெம்போவில் சாமானை ஏற்றினால் பத்து நிமிஷ தூரம். அந்தப் பத்து நிமிஷத்தைத் தாண்ட எங்களுக்கு இருபத்தேழு வருஷம் ஆகியிருக்கிறது!

நெய்வேலி டவுன்ஷிப்பில் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத ஒரு கஷ்டம் உண்டு. இங்கே யாரும் பணக்காரர் மாதிரி நடிக்க முடியாது. பிளாக் நம்பரைச் சொன்னால் குவார்ட்டர்ஸ் எந்த டைப் என்று தெரியும். டைப் தெரிந்தால் கிரேடு தெரியும். கிரேடு தெரிந்தால் பேசிக் என்ன, டி.ஏ. என்ன, பி.எஃப். லோன் போட்டிருக்கிறாரா என்பது வரை பக்கத்து வீட்டம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொல்லிவிடுவார். எல்லாச் சுவருக்கும் ஒரே பெயிண்ட். எல்லாத் தோட்டத்திலும் அதே பலா, அதே முருங்கை. அப்புறம் மனுஷி எதில்தான் ஒரு படி உசத்தி என்று காட்டிக்கொள்வது?

டீயில்.

எங்கள் புது பிளாக்கில் ஒரு வழக்கம். புதிதாகக் குடிவருகிற வீட்டம்மா, மற்ற வீட்டம்மாக்களை ஒரு நாள் டீக்குக் கூப்பிட வேண்டும். எழுதி வைத்த சட்டமில்லை... ஆனால் கூப்பிடாதவர்களைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குக் குடிவந்த மூன்றாம் நாளே சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முன்னால் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டது சுகந்தி மேடம். பிளாக்கிலேயே பெரிய பதவி அவர் கணவருக்கு. ஆகவே பிளாக்கிலேயே பெரிய மேடம் இவர். தட்டில் சின்னச் சின்ன பிஸ்கட், அதன் மேல் சீஸ், பக்கத்தில் பச்சையாக, உருண்டையாக ஏதோ ஒன்று. ஆலிவாம். உள்ளே கொட்டை இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. துப்புவது நாகரிகமா, விழுங்குவது நாகரிகமா என்று தெரியாமல் நான் விழுங்கிவிட்டேன்.

கொட்டை தொண்டையில் இருக்கும்போதுதான் அவர் கேட்டார், என் கணவர் மைன்ஸில் என்ன பார்க்கிறார் என்று.

என்ன பார்க்கிறார்? நிலக்கரிக்கு அடியில் இருக்கிற தண்ணீரை ராத்திரி பகல் என்று இல்லாமல் பம்ப் வைத்து வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பிரிவில் பம்ப் ஆபரேட்டராகச் சேர்ந்தவர் அவர். இன்றைக்கு ஆபீசரானாலும் அதே பிரிவு, அதே பம்ப். பழைய பிளாக்கில் எங்களுக்கு அடையாளமே ‘தண்ணி எறைக்கிறவர் வீடு’தான். தபால்காரர் முதல் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரை அப்படித்தான் கேட்டு வருவார்கள். எனக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை.

“ஹைட்ராலஜி சைடு, மேடம்” என்றேன்.

“ஓ... நைஸ்” என்றார் அவர். கொட்டை இறங்கிவிட்டது.

வீடு வந்ததும் முடிவு செய்தேன். என் டீ, சுகந்தி மேடம் டீயை விட அரைப் படியாவது மேலே இருக்க வேண்டும். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையை இதே பக்கத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்? ஊருக்கு உபதேசம்!

சாமான் எங்கே வாங்குவது? மெயின் பஜாரில் பாய் கடை இருக்கிறது. இருபத்தைந்து வருஷப் பழக்கம். பருப்பை நாலு எடுத்து வாயில் போட்டுப் பார்த்துதான் வாங்குவேன். அந்தக் கடையில் ஆலிவ் கேட்டால், ஏதோ மருந்து என்று நினைத்து பாய் “உடம்புக்கு என்ன தங்கச்சி?” என்று விசாரிப்பார். அதனால் சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரரைக் கிளப்பிக்கொண்டு காரில் பாண்டிச்சேரிக்குப் போனேன். பெரிய இடத்துப் பெண்கள் எல்லாம் அங்கேதான் வாங்குகிறார்களாம். கடைப் பெயரைச் சொல்ல மாட்டேன். என்னிடம் வாங்கியது போதும், இலவச விளம்பரம் வேறு எதற்கு?

கதவு தானாகத் திறந்தது. உள்ளே ஏ.சி. குளிர், பாட்டு இல்லாத இசை, காபிக்கொட்டை வாசனை. தக்காளியைக் காம்போடு அடுக்கி வைத்திருந்தார்கள். நம் சந்தையில் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு நிறுக்கச் சொல்லிச் சண்டை போடுவோம். இங்கே காம்பு இருந்தால்தான் விலை இரட்டிப்பு. உப்பு இமயமலையிலிருந்து வந்ததாம், ரோஸ் கலரில். நாங்கள் கடலூர் வழியாக, கடல் காற்றை வாங்கிக்கொண்டு வந்து, மலையில் விளைந்த உப்பை வாங்கிக் கூடையில் போட்டோம். கேட்டால் சிரிப்பீர்கள். அங்கே நின்றால் சிரிப்பு வராது.

அந்த மாதிரிக் கடையில் சொல்லாமலே புரிகிற ஒரு விஷயம் உண்டு. விலை பார்க்கக் கூடாது. பார்த்தாலும், பார்த்தது வெளியே தெரியக் கூடாது. எனக்கு முன்னால் ஒரு பெண்மணி — காட்டன் புடவை, காதில் ஒன்றும் இல்லை, அதனால் நிச்சயம் பெரிய பணக்காரி — தெருவில் பூப்பறிக்கிற மாதிரி அலட்சியமாக எடுத்து எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டே போனார். நான் ஹேண்ட்பேகிலிருந்து படிக்கிற கண்ணாடியை எடுக்கப் போன கையை அப்படியே வெளியே எடுத்துவிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு லேபிளை உற்றுப் பார்க்கிறவள் யார்? விலை பார்க்கிறவள். நான் அப்படிப்பட்டவளா?

இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா வினையும் இங்கேதான் ஆரம்பம்.

வீட்டுக்காரரைக் காணோம். தேடினால், கீரை அலமாரி முன்னால் நிற்கிறார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை அந்த அலமாரியே கீரைக்குப் பனி மாதிரி தண்ணீர் தெளிக்கிறது. அவர் கீரையைப் பார்க்கவில்லை. அலமாரியின் அடிப்பலகையில் காதை வைத்துக் குனிந்திருக்கிறார். பக்கத்தில் கடை ஊழியர் ஒருவர் திருதிருவென்று விழிக்கிறார்.

“பம்ப்புல பேரிங் சத்தம் வருதுங்க. பத்து நாள் தாங்கினா ஜாஸ்தி. மேனேஜர் இருந்தாக் கூப்பிடுங்க, நான் சொல்றேன்.”

காட்டன் புடவைப் பெண்மணி திரும்பிப் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? யாரோ எவரோ என்கிற மாதிரி அடுத்த வரிசைக்குள் நுழைந்துவிட்டேன். கட்டின புருஷனைக் கீரைக்கடையில் விட்டுவிட்டு ஓடினவள் நான். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஓடிப்போய் நின்ற வரிசையில்தான் அந்தத் தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. உயரமாக, ஒல்லியாக, கண்ணாடியில் ஒரு பனிமலை வரைந்து... மலைக்குக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. கண்ணாடி இல்லாமல் எனக்கு எறும்பு மட்டும்தான் தெரிந்தது. கடையில் வேலை செய்கிற பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து, “கெஸ்ட் வர்றாங்கன்னா இதுதான் மேடம் பிரீமியம்” என்றாள். சுகந்தி மேடம் வீட்டில் டீ இருந்தது, சீஸ் இருந்தது, ஆலிவ் இருந்தது. தண்ணீர்? எவர்சில்வர் ஜக்கில்தான்!

அரைப் படி கிடைத்துவிட்டது. இரண்டு பாட்டில் எடுத்தேன்.

பில் போடுகிற இடத்தில் அவர் வந்து சேர்ந்துகொண்டார். மேனேஜர் கை கொடுத்து நன்றி சொன்னாராம். அந்தச் சந்தோஷம் தொகையைப் பார்த்ததும் போய்விட்டது. எங்கள் ஒரு மாத மளிகையை விடக் கூடுதல். பில்லை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு சத்தம் போட்டிருந்தால் கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

திரும்பும்போது நல்ல பசி. கார் முழுக்கத் தின்பண்டம், தின்ன ஒன்றுமில்லை. குள்ளஞ்சாவடி கூட்டுரோட்டில் நிறுத்தி, நியூஸ்பேப்பரில் வைத்துக் கொடுத்த மிளகாய் பஜ்ஜியை ஆளுக்கு மூன்று தின்றோம். அன்றைக்கு நாங்கள் வயிறாரச் சாப்பிட்டது அதுதான்.

வீட்டில் வந்து பிரித்தேன். முந்திரிப்பருப்பு வாங்கியிருந்தேன். பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பாண்டிச்சேரியில் முந்திரி... சரி, விடுங்கள். துணிப்பை, அதற்குள் அட்டைப்பெட்டி, அதற்குள் டிஷ்யூ, அதற்குள் தட்டு, அதற்குள் கவர், கடைசியில் ஒரு கைப்பிடி பருப்பு. நிலக்கரிக்கு மேலே மூடியிருக்கிற மண்ணை மைன்ஸில் ஓவர்பர்டன் என்பார்கள். அதை மலை மலையாக அள்ளிப் போட்டால்தான் அடியில் கொஞ்சம் நிலக்கரி கிடைக்கும்.

அவர் அந்தப் பெட்டிகளை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, “ஓவர்பர்டன் கொஞ்சம் ஜாஸ்திதான்” என்றார். அவ்வளவுதான் அவர் விமர்சனம்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஃபிரிட்ஜை ஒழுங்கு செய்தேன். ஐஸ் எடுக்கிற சாக்கில் யாராவது எட்டிப் பார்த்தால்? வழக்கமான பழைய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை எல்லாம் எடுத்துப் பரணில் ஒளித்துவிட்டு, கண்ணாடி பாட்டில் இரண்டையும் முன்னால் நிறுத்தினேன்.

இங்கே எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் சட்டத்தையும் சொல்ல வேண்டும். குடித்தவர் ரொப்பி வைக்க வேண்டும். சட்டம் போட்டவள் நான். கல்யாணமான நாள் முதல் அதை மீறி வருபவர் அவர். காலி பாட்டிலை மூடி போட்டு, ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி உள்ளே வைத்துவிட்டுப் போவார். இதற்காக நான் கத்திய கத்தலைச் சேர்த்து வைத்திருந்தால் மைன்ஸ் சைரனுக்குப் பதிலாக உபயோகித்திருக்கலாம்.

புதன்கிழமை வந்தது. ஆறு பேரும் வந்தார்கள். சீஸ், ஆலிவ் — இந்த முறை கொட்டை எடுத்தது — எல்லாம் வைத்தேன். கடைசியாக பாட்டில். மூடி விரல் பட்டதும் திறந்துகொண்டது. காசு கூடக் கொடுத்தால் மூடி கூட எவ்வளவு சுகமாகத் திறக்கிறது பாருங்கள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

சுகந்தி மேடம் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். ரொம்ப லைட்டாக இருக்கிறதாம். நம் குழாய்த் தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கிறதாம். இது இறங்குவதே தெரியவில்லையாம். இன்னொருவர் லேசாக இனிக்கிறது என்றார். மூன்றாமவர் தன் மாமியாருக்கு மூட்டு வலிக்கு இது கேட்குமா என்று விசாரித்தார். மலை ஊற்று இல்லையா, கேட்கும் என்றேன் நான். எனக்கு என்ன, வாயா வலிக்கிறது?

அப்போது சமையலறையிலிருந்து அஞ்சலை கண்ணைக் காட்டினாள். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்து எனக்கு வீட்டு வேலைக்கு உதவுகிறவள். பழைய பிளாக்கிலிருந்தே என்னோடு இருக்கிறாள். போனேன். என் காதோடு சொன்னாள்.

“யக்கா, அந்த பாட்டிலு தண்ணிய அய்யா காத்தாலயே குடிச்சிட்டாருக்கா. ரெண்டயும். ஃபிரிஜ்ஜுல வேற பாட்டிலே காணோம்னு சொல்லிக்கினே குடிச்சாரு. அப்புறம் கொழாயத் தொறந்து ரொப்பிக்கினு இருந்தாரு. பரவால்ல, அய்யா திருந்திட்டாருன்னு நானும் சும்மா இருந்துட்டேன்.”

இருபத்தேழு வருஷமாக ரொப்பாதவர்... அன்றைக்குத்தானா?

ஹாலில் ஆறு பேர் குழாய்த் தண்ணீரைச் சப்புக்கொட்டிக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களில் விஷயம் அஞ்சலைக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் தப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டபடி ஹாலுக்குத் திரும்பினேன். வாசலில் பைக் சத்தம்.

அவர் வந்துவிட்டார். ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து, சேறு காய்ந்த சேஃப்டி ஷூவோடு. எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே நழுவப் பார்த்தவரை சுகந்தி மேடம்தான் நிறுத்தினார்.

“சார், தண்ணி பிரமாதம். எங்கேருந்து வருது இது?”

அவர் பாட்டிலைக் கையில் எடுத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் ஒரு கடையில் போட வெட்கப்பட்டேனே, அதே மாதிரிக் கண்ணாடி. லேபிளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

“ஆர்ட்டீசியன் வாட்டர்” என்றார். முகம் மலர்ந்துவிட்டது.

ஆர்ட்டீசியன்! நெய்வேலியில் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரிந்த வார்த்தை. அவர் வாழ்நாளெல்லாம் கட்டிக்கொண்டு அழுகிற வார்த்தை. அந்த எறும்பு ஊர்ந்தது இதைத்தானா?

அவர் உட்கார்ந்துவிட்டார். பம்ப் பற்றி யாராவது கேட்டால் உட்கார்ந்துவிடுவார். நிதானமாகச் சொன்னார்.

“நிலக்கரிக்குக் கீழ தண்ணி அழுத்தத்துல அடைஞ்சு கெடக்குங்க. துளை போட்டா தானாப் பொங்கி வரும். அதான் ஆர்ட்டீசியன். நாங்க எறைச்சு எறைச்சு அழுத்தத்தைக் குறைச்சுக்கிட்டே இருக்கணும். ஒரு நாள் விட்டாலும் மைன்ஸ் தரையே ஊதிக் கெளம்பிடும். அந்தத் தண்ணிதான் நம்ம டவுன்ஷிப் டேங்க்குக்கும் வருது, சேத்தியாத்தோப்புப் பக்கம் வயலுக்கும் போகுது.” பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இதுல இருக்கறதும் அதாங்க. காலையில நான்தான் குடிச்சிட்டு, குழாயில புடிச்சு ரொப்பி வெச்சேன். ஆனா லேபிள் பொய் சொல்லலை.”

மனுஷன் போட்டுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னார். அதுதான் இன்னும் மோசம்.

ஆறு தம்ளர்கள் ஆறு கைகளில் அப்படியே நின்றன. புது பிளாக்கில் என் வாழ்க்கை இரண்டு மாதத்தில் முடிந்தது என்று நினைத்தேன்.

சுகந்தி மேடம் மெதுவாக என் பக்கம் திரும்பினார். “சார் ஹைட்ராலஜின்னு சொன்னீங்களே?”

நான் அவரைப் பார்த்தேன். ஷூவில் சேறு, கையில் பாட்டில். கீரை அலமாரி முன்னால் குனிந்து நின்றது ஞாபகம் வந்தது. அங்கேயிருந்து ஓடிய எனக்கு, இனி ஓட வரிசை இல்லை.

“தண்ணி எறைக்கிறார் மேடம்” என்றேன். “இருபத்தேழு வருஷமா.”

சொன்னதும் தொண்டையில் ஏதோ இறங்கியது. அந்த ஆலிவ் கொட்டையாகத்தான் இருக்க வேண்டும்.

சுகந்தி மேடம் தன் தம்ளரைப் பார்த்தார். மிச்சத்தைக் குடித்தார். தம்ளரை நீட்டி, “இன்னும் கொஞ்சம் குடுங்க” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “எங்க வீட்டு ஆலிவ் எப்படி இருந்துது? உண்மையைச் சொல்லணும்.”

“கொட்டையை முழுங்கிட்டேன் மேடம்.”

“எங்க வீட்டுக்காரரும்தான்” என்றார்.

அப்புறம் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். ஆறரை மணி வரை என் வீட்டுக்காரரை உட்கார வைத்து, பம்ப் நின்றால் என்ன ஆகும், மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேள்வி மேல் கேள்வி. மூட்டு வலி மாமியாரின் மருமகள் மட்டும், அப்படியானால் குழாய்த் தண்ணீரே மூட்டு வலிக்குக் கேட்குமா என்று கேட்டார். சீஸ் காய்ந்துபோனது. அஞ்சலை வெங்காய பக்கோடா போட்டாள். தட்டு மூன்று முறை காலியானது.

உங்களையே கேட்கிறேன். நாம் அந்த மாதிரிக் கடைகளில் எதை வாங்குகிறோம்? பொருளையா? நாலு பேர் நம்மைப் பார்க்கப்போகிற பார்வையை அல்லவா எடை போட்டு வாங்குகிறோம்? அந்த நாலு பேரும் அதே கடையில், கண்ணாடியைக் கைப்பையில் ஒளித்துக்கொண்டு, நம் பார்வையை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் ஓவர்பர்டன். கணக்குப் பார்த்தால் கைப்பிடி முந்திரி.

ஒரு பாட்டிலை அஞ்சலை கேட்டாள், கொடுத்தேன். மறுநாள் வந்து, “எங்க வூட்டுக்காரரு அதப் பாத்துட்டு, ஃபாரின் சரக்குன்னு நெனச்சிக்கினு மோந்து மோந்து பாத்தாருக்கா” என்றாள். பாவம், அவரும் லேபிளைப் பார்த்து ஏமாந்தவர்தான்.

இன்னொரு பாட்டில் எங்கள் ஃபிரிட்ஜில் இருக்கிறது. அவர் திருந்தினது அந்த ஒரு நாளோடு சரி. மறுபடி காலி பாட்டிலை மூடி போட்டு உள்ளே வைக்கிறார். ஊர்த் தண்ணீரையெல்லாம் இறைத்துவிட்டு வருகிற மனுஷன்... ஒரு பாட்டிலை நான் ரொப்பினால் தேய்ந்தா போய்விடுவேன்? ரொப்பி வைக்கிறேன்.

கத்துவதை மட்டும் இன்னும் முழுசாக விடவில்லை!